சபையில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால்: கூட நிற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எந்தப் பக்கத்துச் சபையானாலும் சரி, ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் மூன்று நாள் கூட்டம் தாங்காது. பத்தாம் நாள் நோயாளியின் மனைவி தனியாக ஸ்கேன் ரூம் வாசலில் நிற்பார். யாருக்கும் மனசு இல்லாமல் இல்லை. யார் எதைச் செய்வது என்று பிரிக்காததுதான் குறை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நாம் சொல்லும்போது, அவர் பார்த்துக்கொள்வதில் நம் கையும் காலும் உண்டு. திமிர்வாதக்காரனை இயேசுவிடம் கொண்டுவந்தவர்கள் நாலு பேர் (மாற்கு 2). கூரையைப் பிரிப்பதற்கு முன்னால் படுக்கையைத் தூக்கிய ஆட்கள் அவர்கள்.

முதல் முறையாக இந்தப் பொறுப்பை எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். சிஎஸ்ஐ, கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபைக்கும் பெரும்பாலானவை பொருந்தும். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் (பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) இருப்பதால் பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கும்.

1. அன்றைக்கே இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள்

ஒருவர் ஆஸ்பத்திரிக்கு, ஒருவர் வீட்டுக்கு. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் அவரே படுத்துவிடுவார். அப்போஸ்தலர் 6இல் பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தனியாகத் தெரிந்தெடுத்த காரணத்தைப் படித்துப் பாருங்கள்: அன்றாட விசாரணையில் சில விதவைகள் விடுபட்டுப் போனார்கள். இங்கேயும் விடுபடுவது அப்படித்தான்.

ஆயரோ பாஸ்டரோ இந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. அவருக்கு வேறு வேலை இருக்கிறது. அவரைப் பிளட் பேங்க் வரிசையில் நிறுத்த வேண்டாம்.

அடுத்தது வாட்ஸ்அப். ஜெபக் குறிப்பு போடுவதற்கு முன்பு நோயாளியிடம், முடியாவிட்டால் வீட்டாரிடம், எதைச் சொல்லலாம் என்று கேளுங்கள். "நம் சபை அக்கா ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன். ஜெபித்துக்கொள்ளுங்கள். பார்க்க வருவதற்கு முன் எனக்குப் போன் செய்யுங்கள்" என்பது போதும். நோயின் பெயர், ரிப்போர்ட் படம், படுக்கையில் இருக்கும் போட்டோ எதுவும் வேண்டாம். டிபி, எச்ஐவி, கர்ப்பப்பை நோய், மனநலம் ஆகியவற்றில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஒரு ஃபார்வர்டு காசிமேட்டில் கிளம்பினால் எண்ணூர் வரை போய்விடும். பெண் பார்க்க வருகிறவர்கள் காதிலும் விழும்.

2. காகிதக் கட்டு

ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவை இருக்க வேண்டும்: நோயாளியின் ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, பழைய ஓபி சீட்டுகள், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ். அசல் காகிதங்களை ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர் வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுப் பொறுப்பாளரிடம் இருக்கட்டும். ராத்திரி வராந்தாவில் தலைமாட்டில் வைத்த பை காலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள்தான் நம்மிடையே அதிகம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. முதலில் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய். அது கைக்கு வந்ததும் குடும்ப அட்டை, ஆதாருடன் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். நோயாளி ஏற்கெனவே சேர்ந்துவிட்டால், அதே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே போய்க் கேளுங்கள். அவசர நிலையில் என்ன வழி என்பதை அவர்களே சொல்வார்கள். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. சாதிச் சான்றிதழ் கேட்பார்களோ, கிறிஸ்தவர் என்றால் மறுப்பார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. இதற்கு வருமானம்தான் அளவு.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று. குடும்ப அட்டையில் "செல்வி", ஆதாரில் "மேரி செல்வி", ஆஸ்பத்திரிச் சீட்டில் "மேரி" என்று மூன்று விதமாக இருந்தால் காப்பீட்டு ஒப்புதல் அங்கேயே நிற்கும். ஓபி சீட்டு போடும் கவுன்டரிலேயே ஆதாரை நீட்டி, அதில் உள்ள எழுத்துப்படியே, இனிஷியலுடன் எழுதச் சொல்லுங்கள். சேர்க்கும் அந்த நிமிடத்தில் இதைக் கவனித்தால் பிறகு நாலு நாள் அலைச்சல் மிச்சம்.

திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனை என்றால், சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இது கையில் பணம் கொடுக்கும் திட்டம் இல்லை.

கன்டெய்னர் லாரி ஓடும் சாலைகளில் வாழ்கிறோம், அதனால் விபத்தையும் சொல்ல வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வருமானமோ அட்டையோ பார்ப்பதில்லை. 108இல் வருபவரிடமே அந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலையும் போலீஸ் எஃப்ஐஆர் நகலையும் அந்த வாரமே வாங்குங்கள். பின்னால் இழப்பீடு கேட்க அவை இல்லாமல் ஆகாது.

3. கூட இருப்பவர்களின் முறை

அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நோயாளிக்கு ஒருவர்தான். பெண்கள் வார்டில் ராத்திரி பெண்தான் இருக்க முடியும். பார்வை நேரம் வார்டு வாசலில் எழுதியிருக்கும். அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள்.

பகல் முறை காலை 7 முதல் மாலை 7 வரை என்றால் எட்டு நாளில் ஆள் கிடைக்காமல் போகும். காலை 6 முதல் 1, மதியம் 1 முதல் 8, ராத்திரி 8 முதல் 6 என்று மூன்றாகப் பிரிப்பதே நடக்கிற காரியம். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், ராத்திரி முறை ஒன்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஹார்பர் ஷிப்ட் பார்ப்பவரையும் கடலுக்குப் போகிறவரையும் அவர்கள் வேலை நேரம் தெரிந்த பிறகு போடுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் காலையில் வரும் என்பதால், காலை முறையில் நிதானமாகக் கேட்டு எழுதக்கூடிய ஆளைப் போடுவது முக்கியம். சத்தமாக ஜெபிக்கத் தெரிந்தவரை விட, டாக்டர் சொன்ன மருந்துப் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் அந்த நேரத்தில் உதவி.

ஒரு நாற்பது பக்க நோட்டு படுக்கையிலேயே இருக்கட்டும். தேதி, நேரம், டாக்டர் சொன்னது, கொடுத்த மாத்திரை, சிறுநீர் போன அளவு, அடுத்த டெஸ்ட். முறை மாறும்போது வாயால் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. நோட்டைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நாலாம் நாளில் "சுகர் எவ்வளவு இருந்தது?" என்று கேட்டால் நோட்டு பதில் சொல்லும்.

பையில் இருக்க வேண்டியவை: பாய், போர்வை, பிளாஸ்க், மக், சோப்பு, போன் சார்ஜர், கொசுவலையோ கொசு மருந்தோ, சில்லறையாக 200 ரூபாய். திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கத்திலிருந்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையில் இறங்குவது நல்லது. ஹை ரோட்டில் லாரி நின்றால் பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் வியாசர்பாடிச் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும். அந்த நாட்களில் வியாசர்பாடிக்காரர்களுக்கு முறை போடாதீர்கள், அல்லது ஒரு மணி நேரம் முன்பே கிளம்பச் சொல்லுங்கள். அடுத்த முறைக்காரர் வராமல், இருப்பவர் வீட்டுக்குப் போக முடியாது.

4. இரத்தம்

ஆபரேஷன் தேதி சொன்ன அன்றே, கொடுக்கக்கூடியவர்கள் பட்டியலை எடுங்கள். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை.

வாலிபர் கூட்டத்திலிருந்து ஆர்வமாகப் பத்துப் பேர் வருவார்கள். அதில் பாதிப் பேர் கொடுக்க முடியாமல் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் உண்டு: வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து வெறும் வயிற்றோடு நேராகப் பிளட் பேங்குக்குப் போவது. உபவாச நாளில் இரத்தம் கொடுக்க வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டு, இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, ராத்திரி தூங்கியிருக்க வேண்டும். விடிய விடிய ஜெபத்துக்கு மறுநாளும் வேண்டாம். சமீபத்தில் பச்சை குத்தியவரை எடுக்க மாட்டார்கள். இரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பாமல் இரண்டு இரண்டு பேராக அனுப்புங்கள். காசுக்கு இரத்தம் கொடுப்பவரைப் பிடித்துத் தருகிறேன் என்று வாசலில் யாராவது சொன்னால் போகாதீர்கள். அது சட்டப்படி தடை, இரத்தமும் நம்பத்தக்கதல்ல.

5. கையில் என்ன கொண்டுபோவது

இளநீரும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் என்று பழகிவிட்டோம். சிறுநீரக நோயாளிக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் சாத்துக்குடிச் சாற்றிலும் இருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடலாம். சர்க்கரை நோயாளிக்கு ஹார்லிக்ஸ் வேண்டாம். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்க முடிகிறதா என்று டாக்டர் பார்க்கும் வரை ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட ஊட்டக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்று சொல்லியிருக்கும்போது, பாசத்தில் ஒரு வாய் காபி கொடுத்து ஆபரேஷன் தள்ளிப்போன கதை எல்லாச் சபையிலும் இருக்கும். எதைக் கொடுப்பதானாலும் முதலில் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கூட இருப்பவருக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள். அவரைத்தான் எல்லாரும் மறப்பார்கள். முடியாத நாளில் அம்மா உணவகம் இருக்கிறது: இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3.

6. படுக்கையருகே ஜெபம்

கையைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். உட்காருங்கள், நின்றுகொண்டு பேசினால் அவர் கழுத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். "ஜெபிக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்; நாளைக்குக் கேட்கலாம்.

இரண்டு நிமிடம் போதும். பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் பாய் படுத்திருப்பார், அடுத்ததில் திருநீறு பூசிய ஒரு பாட்டி. அவர்களும் வலியில் இருக்கிறார்கள். அந்நிய பாஷையில் சத்தமிடுவதும், கை தட்டிப் பாடுவதும், கைப்பிரதி கொடுப்பதும் வார்டில் கூடாது. அந்தப் பாட்டிக்கு ஒரு பிளாஸ்க் வெந்நீர் பிடித்துக் கொடுங்கள்.

வேத வசனம் வாசிப்பதானால் சின்னதாக: 23ஆம் சங்கீதம் ஆறு வசனம், 121ஆம் சங்கீதம் எட்டு வசனம். ஆண்டவர் மேல் கோபத்தில் இருப்பவருக்கு 13ஆம் சங்கீதம். "எதுவரைக்கும்" என்று கேட்கும் உரிமை வேதத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தால் அவர் கொஞ்சம் அழுவார்; அழட்டும். திருத்த வேண்டாம்.

எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு 5:14இல் உள்ளது. கத்தோலிக்கர்களுக்கு நோயில்பூசுதல் திருவருட்சாதனம். இரண்டுக்கும் ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜன் மாஸ்க் போட்டவரின் முகத்தில் எண்ணெய் பூசாதீர்கள்; ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும். கையில் ஒரு துளி போதும். மெழுகுவத்தி அறவே கூடாது. தையல் போட்ட இடம், ஊசி போட்ட இடம் பக்கம் போகாதீர்கள். திருவிருந்து கொடுக்கும் முன், விழுங்கலாமா என்று நர்ஸைக் கேட்டு ஆயரிடம் சொல்லுங்கள். விழுங்க முடியாதவருக்கு என்ன முறை என்பது அவருக்குத் தெரியும்.

சொல்லக் கூடாதவை சில உண்டு. "எங்க மாமாவுக்கும் இதேதான், ஆறு மாசத்துல போயிட்டார்." "ஏதாவது அறிக்கை செய்யாத பாவம் இருக்கா பாருங்க." "விசுவாசம் இருந்தா எழுந்து நடந்துடுவீங்க." யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த நன்மை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

7. மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்

எங்கிருந்தாவது ஒருவர் வருவார். ஜெபித்துவிட்டு, "இனிமே இன்சுலின் வேண்டாம், கர்த்தர் தொட்டுட்டார்" என்பார். பொறுப்பாளர் அந்த இடத்திலேயே, மரியாதையாக ஆனால் தெளிவாக, மறுக்க வேண்டும்: "சுகமானால் டாக்டரே குறைப்பார் ஐயா, அதுவரை போடுவோம்." இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே மயக்கம் வரலாம். டிபி மாத்திரையை இடையில் நிறுத்தினால், அடுத்து அதே மாத்திரை கேட்காமல் போகும்; வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் அந்தக் கேட்காத டிபிதான் ஒட்டும். லூக்கா ஒரு வைத்தியர் என்று பவுலே எழுதியிருக்கிறார் (கொலோசெயர் 4:14). மருந்தை விழுங்குவதும் ஆண்டவரை நம்புவதும் ஒரே கையால் செய்யும் காரியம்.

8. பணம்

சபைகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். சிகிச்சை இலவசம் என்றாலும் செலவு நிற்காது: கூட இருப்பவர் சாப்பாடும் பயணமும், வெளியே எழுதும் டெஸ்ட், வீட்டு வாடகை, பிள்ளைகள் பீஸ், சம்பாதித்தவரின் கூலி நின்றது. ஒரு மாதத்துக்கு வாடகை 6,000, வீட்டுச் சாமான் 5,000, ஆஸ்பத்திரிப் போக்குவரத்தும் சாப்பாடும் நாளுக்கு 200 வீதம் 6,000 என்றால் 17,000 ஆகிறது. உதாரணத்துக்குத்தான், அந்த வீட்டுக் கணக்கை அந்த வீட்டு அம்மாவிடமே கேட்டு எழுதுங்கள். தொகை தெரிந்தால் கொடுப்பவர்களும் அளவாகக் கொடுப்பார்கள்.

வாங்குவது ஒருவர், எழுதுவது ஒருவர், கொடுப்பது ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். ஜிபே பணம் தன்னார்வலரின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. நோயாளி வீட்டுக் கணக்குக்கு நேராகப் போகட்டும், அல்லது சபைக் கணக்குக்கு. வாரம் ஒரு முறை வரவு செலவை நோயாளி வீட்டாருக்கும் கமிட்டிக்கும் காட்டுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை ஆராதனையில் வாசிக்க வேண்டாம். தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றம் சொல்லாதபடி எச்சரிக்கையாக இருக்கிறோம் என்று பவுல் 2 கொரிந்தியர் 8:20இல் எழுதுகிறார். அப்போஸ்தலனுக்கே கணக்கு தேவைப்பட்டது. மீதியானால் என்ன செய்வது என்பதையும் வசூலிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தண்டலுக்கு (தினமும் தவணை கட்டும் வட்டிக் கடன்) போகாமல் தடுப்பதே பெரிய உதவி. பத்தாயிரம் தண்டலில் பிடித்தம் போக 8,500 கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். அசல் தினமும் குறைவதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். படுத்திருப்பவர் வீட்டு வாசலில் தினமும் காலையில் வண்டி வந்து நிற்கும். நகை இருந்தால் வங்கியில் அடகு வைப்பது எவ்வளவோ மேல். கூடப் போய் ஃபாரம் நிரப்பிக் கொடுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கைப்பிடி அரிசி வழக்கத்தை (வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துச் சேர்ப்பது) அந்த மாதம் அந்த வீட்டுக்குத் திருப்பலாம். குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதை யாக்கோபு (2:16) எப்படிக் கேட்கிறார் என்று நமக்குத் தெரியும்.

9. வீடு

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஒருவர், தண்ணீர் லாரி வரும் நேரத்தில் குடம் பிடிக்க ஒருவர், ரேஷன் வாங்க ஒருவர். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் பரீட்சை முடியும் வரை ஆஸ்பத்திரி முறையில் அவரைச் சேர்க்காதீர்கள்.

10. டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஆறு வாரம்

வீட்டுக்கு வந்துவிட்டார் என்று ஸ்தோத்திரம் சொல்லிக் குழுவை மூடிவிடுவார்கள். கடினமான காலம் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மறுபடி வர வேண்டிய தேதியையும் மருந்து அளவையும் வாசலிலேயே படித்துப் புரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே திரும்பிப் போய்க் கேளுங்கள். இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கும் வீட்டிலேயே பிசியோதெரபிக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் உண்டு. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். டிபி நோயாளிக்குச் சிகிச்சைக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வங்கிக் கணக்கில் வரும். கணக்கு எண்ணைச் சிகிச்சை மையத்தில் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், அதுவும் வருடக்கணக்கில். அதற்கு ஆறு வாரக் குழு போதாது. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு குடும்பம் என்று பொறுப்பைப் பிரித்துவிடுங்கள்.

11. ஆண்டவர் எடுத்துக்கொண்டால்

ஆஸ்பத்திரியில் இறந்தால் இறப்புக்கான காரணச் சான்றை வாங்காமல் வராதீர்கள். பெயரின் எழுத்து ஆதாரோடு ஒத்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இலவச அமரர் ஊர்திக்கு 155377. காசிமேடு கல்லறையில் அடக்கம் என்றால் சபையின் கடிதத்தை ஆயரிடம் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பழைய குடும்பக் கல்லறை இருந்தால் அதன் ரசீதைத் தேடி எடுக்க ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள். இறப்பு 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். சான்றிதழை மாநகராட்சி இணையதளத்தில் இறக்கி, பத்துப் பிரதி எடுத்து வீட்டில் கொடுங்கள்.

அடுத்து வாரிசுச் சான்றிதழ், இ-சேவை மையத்தில். விதவை உதவித்தொகைக்குத் தகுதியுள்ளவர் என்றால் அதே மையத்தில் விண்ணப்பிக்கலாம். மாதம் 1,200 ரூபாய். அந்த அக்காவைத் தனியாக அனுப்பாமல், சபைப் பெண்கள் இருவர் கூடப் போங்கள். நோட்டையும் ஃபைலையும் நீங்களே வைத்துக்கொள்ளாமல் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு ஏதாவது ஒரு காகிதம் அவருக்குத் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும்.